ரைல்ஸ்காரன் எம்.பி. ஆன கதை

— இன்னும் பத்து நிமிசம், பற்றிமா. காரை விட்டு இறங்க மனமில்லை.

— அரை மணித்தியாலமா இதைத்தானே சொல்லுறியள். ஒஃபிஸ் திறப்புக்கு எண்டு வெளிக்கிட்டு வந்திட்டு, காருக்குள்ள இருக்கிறதோ? விக்னராஜா அண்ணை வாசலுக்கு வந்து இஞ்சாலதான் பாக்கிறார்.

— பாக்கட்டும். எம்.பி. எண்டு பலகை போட்டவுடன இந்த செவன் ஹில்ஸ் ஊர் முழுக்க அவனுக்குச் சொந்தமோ? பன்ரெண்டு வருசம் என்னோட சேர்ந்து வீடு வீடாத் தரைக்கு ரைல்ஸ் பதிச்சவன். கண்டீரோ, இண்டைவரைக்கும் அவனுக்கு மூலைக்கு ரைல்ஸ் வெட்டத் தெரியாது. எல்லா பாத்ரூமிலயும் மூலை வெட்டிக் குடுத்தது நான்.

— பாராளுமன்றத்தில அவரை மூலை வெட்டச் சொல்ல மாட்டினம்.

— பகிடி விடாதையும். அந்த ஒஃபிஸ் தரையும் நான் பதிச்சது. இனி அதில சப்பாத்தோட நடந்து வந்து எனக்குக் கை தருவான்.

— உங்களுக்குப் பொறாமை.

— ஓம், பொறாமைதான். வயிறு எரியுது. எங்கட ஜெனோஜாவே அவனோட எடுத்த படத்தைத்தான் போனில வைச்சிருக்கிறாள், பெத்த தேப்பன்ர படம் இல்லை. கட்சியில முதல் சேர்ந்தது நான். கூட்டத்துக்குக் கூட்டம் கதிரை அடுக்கினது நான். ஒருக்கா, ஒரேயொருக்கா, 'எமில், வில் யூ ஸ்டாண்ட்' எண்டு என்னை ஆரும் கேட்டவையோ?

— என்னெண்டு?

— 'வில் யூ ஸ்டாண்ட்.'

— ஸ்டாண்ட் எண்டா எழும்பி நிக்கிறதுதானே?

— வேட்பாளரா எலக்ஷன் கேக்கிறதை இஞ்ச இங்கிலீசில அப்பிடித்தான் சொல்லுவினம். ஏன் உம்மட முகம் ஒரு மாதிரிப் போகுது?

— நாங்கள் எலக்ஷன் 'கேக்கிறது' எண்டுதானே சொல்லுறனாங்கள்...

— பற்றிமா?

— கோவியாதேங்கோ. நீங்கள் முழங்கால் ஒப்பரேசன் முடிஞ்சு ஆஸ்பத்திரியில படுத்திருக்கேக்குள்ள, உங்கட கட்சிச் செயலாளர் மாகிரற் எங்கட வீட்டுக்கு போன் எடுத்தவ. எமில் எங்களுக்கு ஸ்டாண்ட் பண்ணுவாரோ எண்டு கேட்டவ. நான், வோட்டுப் போடுற இடத்தில கட்சி நோட்டீஸ் துண்டு குடுக்க நிக்கச் சொல்லுறா எண்டு நினைச்சிட்டன்.

— நினைச்சு? என்ன சொன்னனீர்?

— 'பாவம், அவரால அஞ்சு நிமிசம்கூட நிக்க ஏலாது. விக்னராஜா நல்லா நிப்பார், அவரைக் கேளுங்கோ' எண்டு நான்தான் நம்பரும் குடுத்தனான்.