வாத்தியத்துக்கு விட்ட இருக்கை

அரியலூரில் பேருந்து கிளம்பும்போது, வழியை அடைக்கிறது என்று புகார் சொல்லி, ஓர் இளைஞனின் ஆளுயர வாத்தியத்தைப் படிக்கட்டருகே தள்ளவைத்தவன் நான்தான்.

நடத்துனர் அவனிடம் கேட்டார்: "வீணையா தம்பி?"

"ஜாஸ் பாட்டுக்கு வாசிக்கிற பேஸுண்ணே, பெரிய வயலின் மாதிரி. நானே வாசிச்சு நெட்டுல வெளியிடுறேன். சொந்தக் கம்பெனி."

"ஆபீஸ் எங்க?"

"லேப்டாப்புலதான். நாளைக்குப் பெரம்பலூர்ல ரெக்கார்டிங். இது கழுத்து ஒடிஞ்சா கம்பெனியே போச்சுண்ணே."

எனக்கு வெட்கமாக இருந்தது. எழுந்து என் இருக்கையைக் காட்டினேன்.

"லக்கேஜ் டிக்கெட்டுதான போட்டேன், ஜன்னலோரமா உக்காந்துடுச்சே!" என்றார் நடத்துனர்.

சிமெண்ட் லாரிகள் கடக்கும்போதெல்லாம் உறைக்குள் தந்திகள் தாமாகவே முனகின.

"இதையும் பதிஞ்சுக்கிறேன், யாரும் பேசாதீங்க" என்று அவன் செல்போனை அருகில் வைத்தான்.

பெரம்பலூர்வரை இருமலை அடக்கிக்கொண்டு நின்றேன்.