விஷப்பை எடுக்காத பாம்பு

திருவாரூரிலிருந்து நாகப்பட்டினம் போகும் பேருந்து. எனக்கு முன் இருக்கையில் ஜன்னலோரம் இருந்தவர் ஒரு மிராசுதாரின் காரியஸ்தர் என்று பேச்சிலிருந்து தெரிந்தது. பக்கத்தில் பாம்பாட்டி. அவர் மடியில் மூடிய கூடை.

“விஷப்பையை அறுத்து எடுத்துட்டேல்ல?” என்றார் காரியஸ்தர்.

“எடுக்கலீங்க.”

“என்னய்யா சொல்ற? கூலி உசத்தாம கதிரறுக்க மாட்டோம்னு பொம்பளைங்க வரப்புல உக்காந்திருக்காங்க. பயந்து ஓடத்தான் பாம்பு. சாகறதுக்கு இல்ல.”

“போன மாசம் ஒரு பாம்புக்கு எடுத்தேங்க. வாயெல்லாம் புண்ணாகி, இரை எடுக்காம கெடந்தே செத்துச்சு. இதுக்குக் கத்தி வைக்க மனசு வரலை.”

“அப்ப விஷத்தோடயா என் பக்கத்துல வெச்சிருக்க?”

“அவங்க பக்கத்துல விடச் சொன்னீங்களே.”

“நம்ம ஸ்டாப்பு வருது. வீட்டுக்கு வா, என் எதிர அறு.”

“அறுக்கவும் மாட்டேன், அங்க விடவும் மாட்டேன். நீங்க எறங்குங்க.”

பேருந்து நின்றது. பாம்பாட்டி காலை ஒடுக்கி வழிவிட்டார்.

“தாண்டிப் போங்க. கூடையில மட்டும் இடிச்சிடாதீங்க.”

காரியஸ்தர் பாதி எழுந்தார், கூடையைப் பார்த்தார், உட்கார்ந்தார். நடத்துனர் விசில் கொடுத்தார். பேருந்து அவருடைய ஊரைத் தாண்டிப் போனது.