வட்டத்துக்குள் சொன்னது

நாற்காலிகளை வட்டமாகப் போடுவது பார்ப்பதற்குத்தான் சுலபம் ஐயா. யாரிடம் சொன்னாலும் முட்டை வடிவத்தில் போட்டு வைப்பார்கள். முட்டையின் கூர்ப் பக்கத்தில் உட்காருகிறவர் தன்னைத் தலைவர் என்று நினைத்துக்கொள்வார். அதனால் நானே தரையில் சாக்பீஸால் கோடு போட்டுத்தான் வைப்பேன்.

எங்களுடையது தொண்டு நிறுவனம். நடமாட முடியாத நோயாளிகளுக்கு மருந்தை வீட்டுக்கே கொண்டுபோய்க் கொடுத்து, எப்படிச் சாப்பிடுவது, எப்போது ஆபத்து என்றெல்லாம் சொல்லிக் கொடுக்கிறோம். ஓடி ஓடி எங்கள் ஆட்கள் நொந்து நூலாகிப் போனதால், அவர்கள் மனசைப் பார்த்துக்கொள்ள என்னை வேலைக்கு வைத்தார்கள். வாரம் ஒருநாள் வட்டமாக உட்கார்ந்து பேசுவோம். பஞ்சு முயல் பொம்மை யார் கையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் பேசலாம். ஒருவர் மௌனமானால் அதைக் கலைக்கக் கூடாது. வட்டத்துக்குள் சொன்னது வெளியே போகக் கூடாது. அவ்வளவுதான் விதி.

எங்கள் கணக்கர் முதல் நாளே மனம் திறந்தார். "எனக்கு சுகர் இருக்குங்க, ஊசி போட்டுக்கறேன். திடீர்னு இறங்கிடுச்சுன்னா வேர்த்துக் கொட்டும், நாக்கு குழறும். அப்ப வாயில கொஞ்சம் சக்கரைய அள்ளிப் போட்டுடுங்க. இல்லன்னா ஆளு காலி" என்றார். நர்ஸ் அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கும் நெஞ்சு நெகிழ்ந்தது. இந்த நம்பிக்கையைக் கடைசிவரை காப்பாற்ற வேண்டும் என்று அன்றே முடிவு செய்துவிட்டேன்.

அதே மனிதர் கொஞ்ச நாள் கழித்து முயலைக் கையில் வைத்துக்கொண்டு, "மேடம், எங்களுக்கு வட்டமெல்லாம் வேணாம். இன்னும் ரெண்டு ஆளப் போடச் சொல்லுங்க, தானா நல்லாயிடுவோம்" என்றார். எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். டிரைவர் அண்ணன் தொடையைத் தட்டிச் சிரித்தார். எனக்கு வருத்தமில்லை. அன்று வீட்டில் பாத்திரங்களைக் கொஞ்சம் அதிக நேரம் தேய்த்தேன், அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஆளாளுக்கு ஒரு சாக்குச் சொல்லி நழுவ ஆரம்பித்தார்கள். வேலை இருக்கிறது என்றுதானே சொல்கிறார்கள் என்று வட்டத்தை மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு மாற்றினேன். பையும் டிபன் பாக்ஸும் கவனத்தைக் கெடுக்கும் என்பதால் அலமாரியில் வைத்துப் பூட்டினேன். சாவி என்னிடம்தான் இருந்தது.

சம்பவத்தன்று கணக்கர் வாசலிலேயே நின்றார். "சாப்பாட்டுக்கு முந்தின ஊசியப் போட்டுட்டேன் மேடம். ரெண்டு வாய் சாப்ட்டுட்டு ஓடி வந்துடறேன்."

"இந்தப் பதற்றத்தைத்தான் சார் வட்டத்துக்குள்ள கொண்டுவரணும்" என்று தோளைத் தொட்டு உட்கார வைத்தேன்.

முயல் முதலில் ஆபீஸ் உதவியாளரிடம் போனது. அவர் தன் நாத்தனாரைப் பற்றி ஆதியோடந்தமாகச் சொன்னார். நாத்தனாரிடம் நியாயம் இருப்பதாகவே எனக்குப் பட்டது, ஆனால் நாங்கள் தீர்ப்புச் சொல்வதில்லை. கணக்கரின் சட்டை நனைந்திருந்தது. அவர் அலமாரியைக் காட்டிக் கையை நீட்டினார்.

"மேடம், சாருக்கு..." என்று டிரைவர் அண்ணன் எழுந்தார்.

"முயல் உங்ககிட்ட இல்லையேண்ணா."

பாவம், நல்ல மனிதர், உட்கார்ந்துவிட்டார்.

ஒருவழியாக முயல் கணக்கரிடம் வந்து சேர்ந்தது. அவர் ஏதோ சொன்னார், நாக்கு குழறியது. "கேட்டுக்கிட்டிருக்கோம் சார்" என்று நாங்கள் பழகியபடியே ஒரே குரலில் சொன்னோம். பிறகு அவர் தலை தொங்கியது. நாங்கள் மௌனத்தை மதித்தோம். சுகர் இறங்கினால் எப்படி இருக்கும் என்று வீடு வீடாகப் போய்ச் சொல்லிக் கொடுக்கிறவர்கள்தான் அத்தனை பேரும். ஆனால் அது வேலை நேரத்தில் செய்வது.

கடைசியில் டிரைவர் அண்ணன்தான் பொறுக்கமாட்டாமல் வட்டத்தை உடைத்துக்கொண்டு ஓடி ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார். அதில் வந்த பையன், "பேஷண்டுக்கு சுகர் இருக்கா?" என்று கேட்டான். நர்ஸ் அக்கா வாயைத் திறந்தார். வேண்டாம் என்று நான் தலையை ஆட்டினேன், மூடிக்கொண்டார். "அத அவராத்தான் தம்பி சொல்லணும்" என்றேன். ஆஸ்பத்திரியில் அவர்களே கண்டுபிடித்தார்கள். அதற்குள் காலம் கடந்திருந்தது.

கணக்கர் மேல் கோபமா என்று கேட்கிறீர்கள். கோபத்தையெல்லாம் நான் வட்டத்திலேயே கரைத்துவிடுகிறவள். எனக்குத் தெரிந்துதான் இருந்தது ஐயா, சட்டை நனைந்தபோதே தெரியும். சாவி இடுப்பில் குத்திக்கொண்டிருந்தது. ஆனால் அன்றைக்குத்தான் முதல்முறையாக ஒருவரும் போனைப் பார்க்கவில்லை, கொட்டாவி விடவில்லை. எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரே மனிதரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் எழுந்து அலமாரியைத் திறந்திருந்தால், எல்லோரும் அவரவர் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கலைந்து போயிருப்பார்கள். அதனால் திறக்கவில்லை.

இதையெல்லாம் அவர் மனைவியிடமும் போய்ச் சொன்னேன். நம் வாயாலேயே சொல்வதுதான் முறை. அந்தம்மா குறுக்கே ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணை என் முகத்திலிருந்து எடுக்கவே இல்லை. அப்படி ஆழ்ந்து கேட்கத் தெரிந்தவரை என் அனுபவத்தில் நான் பார்த்ததில்லை. அவரையும் வட்டத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். ஒரு நாற்காலி காலியாகத்தானே இருக்கிறது.