மூணு லட்சத்துப் போக்கியம்

— முட்டி கழண்டு கையில வந்துரும்போல இருக்குதுங்க. இன்னும் எத்தன படி?

— அவ்வளவுதான் கனகா, இந்தத் திருப்பத்தோட மாடி வந்துருச்சு. கம்பியப் புடிச்சு ஏறு.

— நேத்து பொழுதுக்கும் கல்யாண மண்டபத்துல அண்டா கழுவுன முட்டி இது. கம்பியப் புடிச்சா சொன்ன பேச்சுக் கேக்குமா? புரோக்கர் பசவராஜு முன்னால காட்டுன மண்டி மொஹல்லா வீட்டுல ஒத்தப் படி கெடையாது. ரோட்டுல இருந்து காலைத் தூக்கி வெச்சா வீடு.

— வெச்ச காலை நீட்டறதுக்கு எடம் இருக்குதா அதுல? எண்ணெய்க் கடைக்குப் பொறத்தால ஒத்த ரூம்பு. அத்தன குடும்பத்துக்கும் சேத்து ஒரே கக்கூசு. விடிஞ்சா டப்பாவோட வரிசையில நிக்கோணும்.

— நின்னா நிக்கறேன். விடியறதுக்கு முன்னால மண்டிக்கு மூட்டை எறக்க நீங்க நடந்தே போயிரலாம். ஊருக்கு ஒதுக்குப்பொறமா இருக்கற இந்த சாதகள்ளியில அந்நேரத்துக்கு எந்த பஸ்ஸு வந்து, கரியப்பண்ணா ஏறிக்கங்கன்னு கூப்புடும்?

— சைக்கிள் வாங்கிக்கறேன்.

— இந்தத் தோள்பட்டைய வெச்சுட்டா? தைலம் தேக்கறவளுக்குத்தான தெரியும் அது எந்த லட்சணத்துல இருக்குதுன்னு.

— சும்மா இரு புள்ள. கதவைத் தட்டறேன். ஆளு இருக்கும்னு பசவராஜு சொல்லியிருக்கறான்.

— தட்டாதீங்க, இருங்க. கதவுல என்ன இது? ஏதோ காயிதம் ஒட்டிக் கிழிச்சிருக்குது. நாலு மூலையிலயும் பசை.

— ஓட்டுக் கேக்கறவன் ஒட்டிட்டுப் போயிருப்பான்.

— ஓட்டுக் கேக்கறவன் ரெண்டு மாடி ஏறி வந்தா ஒட்டுவான்? கீழ காம்பவுண்டு செவுரு அத்தன நீளத்துக்குச் சும்மா கெடக்குது.

— நீ எதைத்தான் நம்புவே?

— காலையில நீங்க காப்பி போட்டு என்ற கையில குடுத்தீங்க பாருங்க, அப்ப இருந்து எதையும் நம்பலீங்க. கல்யாணம் ஆகி இத்தன வருசத்துல அடுப்பங்கரைப் பக்கம் தலைவெச்ச ஆளா நீங்க?

— வாங்க வாங்க! பசவராஜ் அனுப்சவங்கதானே? பேச்சு கேட்டுச்சு, அதான் தொறந்தேன். வாங்க அக்கா, வாங்க அண்ணா. நான் ஜேன். ஓனர் நஞ்சுண்டசாமி இருக்காரல்லா, அவருக்குத் தங்கச்சி மாதிரி. வீடு காட்டறதெல்லாம் நான்தான்.

— தங்கச்சியா, தங்கச்சி மாதிரியா?

— கனகா!

— கேட்டா என்னங்க? வாயில இருக்கற முத்தா உதுந்துரும்?

— பரவால்ல அண்ணா, கேக்கட்டும். ஃபேமிலி ஃப்ரெண்டு அக்கா, அஷ்டே, அவ்ளோதான். நோடி, பாருங்க, இது ஹால். அது ரூம். பாத்ரூம் உள்ளயே இருக்கு. தண்ணி ரெண்டு வேளையும் ஃபுல். காத்து கேக்கவே வேணாம், நாங்க ஃபேனே போட மாட்டோம்.

— நாங்கன்னா யாரு அம்மணி?

— ஆங்... நான் வந்து போறப்ப சொல்றேன்.

— அடுப்புல சோறு கொதிக்குது. கொடியில பள்ளிக்கூடத்துப் பாவாடை காயுது. வந்து போறவங்க சமாச்சாரமா இது?

— அது... ஆள் இல்லேன்னா வீடு கெட்டுப்போகும்னு என்னை இருக்கச் சொல்லியிருக்காங்க அக்கா.

— பாத்தயா, நியாயமாத்தான சொல்றாங்க? நீ வீட்டைப் பாரு புள்ள. நம்ம பாத்திரம், பண்டம், உன்ற தையல் மிசினு எல்லாம் இந்த ரூம்புக்குள்ள அடங்கிரும். மூணு லட்சம் குடுத்தாப் போதும், மூணு வருசத்துக்கு வாடகைன்னு ஒத்தப் பைசா கெடையாது. காலி பண்றப்ப அதே மூணு லட்சம் முழுசாத் திரும்பி வரும். மண்டியில மாசம் ஆறாயிரம் குடுத்தா குடுத்ததுதான், போனதுதான்.

— முழுசாத் திரும்பி வரும்னு யாரு சொன்னது?

— போக்கியம்னா அதுதான? மைசூரு முச்சூடும் அப்புடித்தான் குடியிருக்குது.

— அந்த மூணு லட்சம் மூட்டை தூக்கி வந்ததில்லீங்க. மார்டள்ளியில எங்கண்ணன் என்ற பங்குச் சோளக்காட்டை அவம்பேருக்கு எழுதிக்கிட்டுக் குடுத்தது. அண்ணி வாயில விழுந்து எந்திரிச்சு வாங்கிட்டு வந்தேன். அது போச்சுன்னா என்றதுன்னு சொல்ல ஒண்ணும் இல்ல. காதுல கெடக்கறதுகூட கவரிங்கு.

— போகாதுங்கறேன் நானு.

— குழாயைத் தொறக்கறேன் அம்மணி. ஒண்ணும் நெனைச்சுக்காதீங்க.

— இப்ப டைம் முடிஞ்சிருச்சு அக்கா. காலைல வந்துச்சு.

— சொட்டுக்கூட இல்ல. ரெண்டு வேளையும் தண்ணி வர்ற வீட்டுல, கட்டிலுக்கு அடியில, கதவுக்குப் பொறத்தால, எங்க பாத்தாலும் எதுக்கு இத்தன கொடம்?

— சும்னே அக்கா, சும்மா ஒரு சேஃப்டிக்கு.

— ஏறி வர்றதுக்கு முன்னால பக்கத்து வீட்டம்மாவை விசாரிச்சேன். இதே அளவு வீடு. அஞ்சரை லட்சம் போக்கியமாம். அதே வீதி, அதே வெயிலு. உங்களுக்கு மட்டும் எப்புடி மூணு? உள்ள பேயி கீது இருக்குதா?

— ஐயோ சேசுவே! பேயெல்லாம் இல்ல.

— கேட்டுக்கங்க. நஞ்சுண்டசாமி தங்கச்சி சேசுவைக் கூப்புடுது.

— மேடம், நீங்க மனசுல வெச்சுக்காதீங்க. அவ அப்புடித்தான். தக்காளி வாங்குனாக்கூட நாலு கேள்வி கேப்பா.

— தக்காளி அழுகுனா வீசிட்டு வேற வாங்கலாம். நீங்க எதுக்கு இப்புடி எடையில எடையில விழறீங்க? பசவராஜு உங்களுக்கும் கமிசன் தர்றேன்னு சொல்லியிருக்கறானா?

— என்ற புள்ளைக மேல சத்தியமா இல்ல. மாசக் கடைசியில இருக்கற வீட்டை இடிக்கறாங்க, போறதுக்கு ஒரு எடம் வேணுமில்ல? அதான்.

— அம்மணி, இப்புடி வாங்க. உங்க கையைக் காட்டுங்க.

— கையா? எதுக்கு?

— எந்த ஆஸ்பத்திரியில வேலை?

— உங்களுக்கு எப்டி...

— வெரல் இடுக்கெல்லாம் வெந்து கெடக்குது. எனக்கு சோப்புத்தூளு, உங்களுக்கு பினாயிலு. நாளைக்கு உங்க கையி புண்ணானா எனக்கு நோவு தெரியும், எனக்கு ஆனா உங்களுக்குத் தெரியும். ஓனரு வந்து பொய் சொல்லட்டும், கேட்டுக்கறேன். நீங்க சொல்லாதீங்க.

— ...அண்ணா, அந்தக் கதவைச் சாத்துங்க.

— எதுக்கு மேடம்?

— சாத்துங்க, சொல்றேன். நான் ஓனர் சைடு இல்ல. குடியிருக்கறவ. நானும் என் பொண்ணும். மூணு லட்சம் போக்கியம் குடுத்துத்தான் வந்தேன். டேட் முடிஞ்சு ரெண்டு வருஷம் ஆச்சு. காசு கேட்டா, உன் எடத்துக்கு ஒரு ஆள் கொண்டா, அவங்க குடுக்கறதை உனக்குத் தர்றேன்ங்கறான். நான் குடுத்தது வந்தாப் போதும், அதுக்கு மேல யார்கிட்டயும் கேக்காதேன்னு நான்தான் மூணுன்னு சொல்ல வெச்சேன்.

— கதவுல கிழிச்சது?

— பேங்க்காரங்க நோட்டீஸ். வீட்டு மேல லோன் எடுத்து அவன் கட்டல. கட்டலேன்னா வீடு ஏலத்துக்குப் போகும். உள்ள யாரு இருந்தாலும் வெளிய போகணும். ஒட்டிட்டு அவங்க கேட்டைத் தாண்டறதுக்குள்ள கிழிச்சுட்டேன். நோட்டீஸைப் பாத்தா யாரு அக்கா வருவாங்க?

— கேட்டீங்களா? ஓட்டுக் கேக்கறவனாம்! ஏனுங்க, வாங்க போலாம். மண்டி வீடே போதும்னு பசவராஜுகிட்டச் சொல்லுங்க. ஆறாயிரம் போனாலும் மாசாமாசம்தான் போகும், ஒரே நாள்ல வாரிட்டுப் போகாது.

— கனகா... சித்த உக்காரு.

— முட்டி நோவுதுன்னு சொன்னப்ப உக்காரச் சொல்லல. இப்ப எதுக்கு?

— டோக்கன் அட்வான்சு குடுத்துட்டேன்.

— என்ன?

— வெள்ளிக்கெழமை. பசவராஜு வந்து, வேற பார்ட்டி ரெடியா இருக்குது, இன்னைக்கு டோக்கன் போட்டாத்தான் உனக்குன்னான். நஞ்சுண்டசாமி கையிலயே குடுத்தேன். அம்பதாயிரம்.

— எந்த அம்பதாயிரம்? உங்ககிட்ட ஏது அம்பதாயிரம்?

— துணிப்பொட்டியில...

— என்ற காட்டுக் காசு.

— கேட்டா வேண்டாம்னு சொல்லுவேன்னுதான்...

— ஆமா சொல்லியிருப்பேன்! அதுக்குத்தான கடவுள் வாயி குடுத்திருக்கறான்! தாலியக் கட்டிப்போட்டு, அப்பறம் பொண்ணு எப்புடி இருக்குது பாரும்மான்னு என்னைக் கூட்டியாந்தீங்களா? முட்டி செத்து நான் ஏறுனதெல்லாம் எதுக்கு? வேடிக்கைக்கா?

— பாத்தா உனக்கும் புடிச்சுப் போகும்னு நெனைச்சேன் புள்ள. உள்ளயே பாத்ரூமு. நீ அந்த வரிசையில நிக்க வேண்டாமேன்னு...

— பாத்ரூமு. நல்லது. போனைப் போடுங்க அந்த நஞ்சுண்டசாமிக்கு. வீடு வேண்டாம், காசைக் குடுங்கன்னு கேளுங்க.

— அவன்கிட்ட இருக்காது அக்கா.

— உங்களுக்கு எப்புடித் தெரியும்?

— அன்னைக்கு சாயங்காலமே எனக்குக் குடுத்துட்டான். ரெண்டு வருஷத்துல மொத தடவ. பார்ட்டி டோக்கன் போட்டாச்சு, இந்தா அம்பதுன்னான். உங்க காசுன்னு எனக்கு இப்பதான் தெரியும்.

— எடுங்க அதை.

— இல்ல அக்கா. அதை அப்டியே வேற வீட்டுக்கு அட்வான்ஸா கட்டிட்டேன். பேங்க்காரங்க என்னிக்கு பூட்டோட வருவாங்களோ. வயசுக்கு வந்த பொண்ணை வெச்சுட்டு ரோட்டுல நிக்க முடியுமா?

— எங்க வீடு?

— ஆஸ்பத்திரிக்கு நடந்து போற தூரம். பசவராஜ்தான் புடிச்சுக் குடுத்தான்.

— அதைக் கேக்கல. எந்த எடம்?

— மண்டி மொஹல்லா.

— எண்ணெய்க் கடைக்குப் பொறத்தால? ஒத்த ரூம்பு?

— ஆமா... நீங்க அதைப் பாத்திருக்கீங்களா?

— பாத்திருக்கறனா! நான் போறதுக்குப் பாத்து வெச்ச வீட்டுக்கு, என்ற காசையே அட்வான்சு கட்டியிருக்கறீங்க அம்மணி.

— அந்தப் பசவராஜை இன்னைக்கு... மண்டியில வெச்சு மூட்டையத் தூக்கற மாதிரித் தூக்கி...

— எறக்கி வைக்கறதுக்கும் அவனே கூலி கேப்பான். உக்காருங்க.

— அக்கா, சத்தியமா எனக்குத் தெரியாது. ஆனா அது என் காசு. எனக்கு வரவேண்டியதுல வந்தது. அதைத் திருப்பித் தான்னு நீங்க கேக்கக் கூடாது.

— நான் கேட்டனா?

— கேக்கறதுக்கு முன்னாலயே சொல்லிடறேன்.

— போலீசுக்குப் போலாம் மேடம். மூணு பேரும் சேந்து போலாம்.

— ரெண்டு தடவ போயிட்டேன் அண்ணா. காசு விஷயம், கோர்ட்டுக்குப் போங்கன்னுட்டாங்க. வக்கீல் ஃபீஸுக்கு யாருகிட்டப் போறது? எனக்கு இன்னும் ரெண்டரை வரணும். நோடி, அவன்கிட்ட நயா பைசா கெடையாது. எனக்கு வரணும்னாலும், உங்களுக்கு வரணும்னாலும், இந்த வீட்டுக்கு ஒருத்தர் வரணும். வேற வழி இல்ல.

— எங்களைத்தான சொல்றீங்க?

— நான் சொல்லல அக்கா. வாங்கன்னு இனிமே உங்ககிட்ட எந்த வாயில சொல்றது?

— சோறு அடிபுடிக்குது பாருங்க, போயி எறக்குங்க. நாங்க வர்றோம்.

— மெதுவா எறங்கு புள்ள. கையைக் குடு.

— உங்க கையி வேண்டாம். கம்பி போதும்.

— தப்புத்தான். நாளைக்கு அவன் ஊட்டு வாசல்ல போயி உக்காந்துக்கறேன். குடுக்கற வரைக்கும் எந்திரிக்க மாட்டேன்.

— அந்தம்மா ரெண்டு வருசமா உக்காந்து பாத்திருக்குது. உங்களுக்கு மட்டும் எடுத்து நீட்டுவானா?

— யாரோ ஏறி வர்றாங்க, ஒதுங்கி நில்லு. புருசன் பொண்டாட்டியாட்ட இருக்குது. சின்ன வயசு. வீடு பாக்கத்தான் வர்றாங்க போல. பாவம், நாம சொல்லிரலாம் கனகா.

— நீங்க பேசக் கூடாது.

— கனகா...

— வாயத் தொறக்கக் கூடாதுன்னேன். ...ஆமாங் கண்ணு, மேல வீடுதான். பசவராஜு அனுப்புச்சாரா? நாங்களும் பாத்துட்டுத்தான் எறங்கறோம். ...தண்ணியா? அதுக்கென்ன, ரெண்டு வேளையும் வருது. ...நாங்க எடுக்கலீங் கண்ணு. இவருக்கு மண்டியில வேலை, தூரம் பாருங்க, அதனாலதான். இல்லேன்னா உடுவமா? வீடு தங்கமாட்டம் இருக்குது. இந்த வெலைக்கு இந்தப் பக்கம் எங்கயும் கெடைக்காது. போயிப் பாருங்க. பாத்து ஏறு சாமி, படி ஒசரம். ஒவ்வொரு காலா வெச்சு ஏறு.

— அந்தப் புள்ளைக்கு ஏழாம் மாசம் இருக்கும்.

— பாத்தேன்.

— பாத்துட்டுமா சொன்னே?

— நஞ்சுண்டசாமி நமக்கு இன்னும் அம்பதாயிரம் தரோணுமுங்க.