என் கடைக்கு நட்சத்திர மொய் வேண்டாம்!

வணிகர் சங்க ஆண்டு விழாவுக்குத் தலைமையேற்று, பொன்னாடைகளை மடியில் அடுக்கிவைத்துக் காத்திருக்கும் தலைவர் பொன்னுரங்கம் அவர்களே! முன்னிலை வகிக்கும் முதுபெரும் வணிகப் பெருமக்களே! கடையையும் வீட்டையும் ஒருசேரத் தாங்கும் தாய்மார்களே! பிரியாணி வாசனை வந்த பிறகும் எழுந்து போகாமல் அமர்ந்திருக்கும் கள்ளக்குறிச்சியின் கண்ணியவான்களே! உங்கள் அனைவருக்கும், கச்சிராயபாளையம் சாலையில் கருகிய மோட்டாருக்குச் செம்புக் கம்பி சுற்றிக் காயில் கட்டும் அம்சவள்ளியின் வணக்கம்!

கைதட்டாதீர்கள். நான் வாழ்த்த வரவில்லை. வயிறெரிந்து வந்திருக்கிறேன்.

இன்றைய அழைப்பிதழைப் பார்த்தீர்களா? இறைவணக்கம், வரவேற்புரை, விருந்து. விருந்துக்குப் பின் என்ன? 'நட்சத்திர மொய்'! உன் கடைக்கு நான் ஐந்து நட்சத்திரம், என் கடைக்கு நீ ஐந்து நட்சத்திரம். கல்யாணத்துக்கு மொய் வைக்கலாம், காதுகுத்துக்கு மொய் வைக்கலாம். கைப்பேசியில் கடை தேடுகிறவன் கண்ணைக் கட்டவும் மொய்யா?

சென்ற ஆண்டும் இதே மண்டபம்தான். நான் வேண்டாம் என்றேன். கேட்டீர்களா? ஒரே மண்டபத்திலிருந்து, ஒரே இரவில், ஒரே சொல்லை, கைப்பேசியில் என் கடைக்கென்று உள்ள பக்கத்தில் எழுதிக் குவித்தீர்கள். என்ன சொல்? 'சூப்பர்'! காயில் சூப்பரா, கடை சூப்பரா, கடைக்காரி சூப்பரா? ஒருவராவது சொன்னீர்களா?

மறுவாரம் இனிப்புக்கடை ஜெயப்பிரகாஷ் அண்ணன் வந்து நிற்கிறார். "இன்னாம்மா, நான் அஞ்சு போட்டேன், நீ திருப்பிப் போடவே இல்லியே?" அண்ணே, உங்கள் அல்வாவை நான் வாயில் வைத்ததே இல்லையே! அதைச் சொன்னதற்கு இன்றுவரை முகம் கொடுத்துப் பேச மாட்டேன் என்கிறார். அதோ, இப்போதும் மேடையைப் பார்க்காமல் மின்விசிறியைப் பார்க்கிறார்.

பிறகு என்ன நடந்தது? அத்தனையும் போலி என்று முடிவுகட்டி, தேடல் நிறுவனத்தார் என் கடையின் பக்கத்தையே தூக்கிவிட்டார்கள். கிணற்று மேட்டில் நின்று விவசாயிகள் உண்மையாக எழுதிய நாலு வார்த்தையும் அதோடு போயிற்று. கடை இருந்தது, பலகை இருந்தது, நான் இருந்தேன். கைப்பேசியில் மட்டும் நான் இல்லை!

இல்லாமல் போனால் என்ன என்கிறீர்களா? கல்வராயன் மலையில் வெள்ளிமலைப் பக்கத்து விவசாயி பிச்சைமுத்து. நெல் பால்பிடிக்கும் நேரத்தில் அவர் மோட்டார் கருகிவிட்டது. கைப்பேசியில் தேடினார். விழுப்புரத்துக் கடையைக் காட்டியது. மோட்டாரை டெம்போவில் ஏற்றி மலையிறங்கி, என் கடை வாசலைத் தாண்டி விழுப்புரம் போனார். அங்கே ஒரு வாரம் ஆகும் என்றார்கள். திருப்பி ஏற்றிக்கொண்டு வரும் வழியில், என் கடைக்கு எதிரே டீ குடிக்க நின்றவர் பலகையைப் பார்த்தார்.

"இன்னாம்மா, இங்கயே கடைய வச்சிகினு எங்க ஒளிஞ்சிகினு இருந்த?" என்று கேட்டார். என் சங்கத்தார் என்மேல் வைத்த அன்பில் ஒளிந்துபோனேன் என்றா சொல்வேன்? மறுநாளே கட்டிக் கொடுத்தேன். ஆனாலும் மேட்டுவயல் ஒன்று காய்ந்துவிட்டது. அந்தக் காய்ந்த வயலுக்கு எத்தனை நட்சத்திரம் போடுவீர்கள், பெரியோர்களே?

மன்றாடி, கடையைப் படம் பிடித்து அனுப்பி, மாதக்கணக்கில் காத்திருந்து பக்கத்தைத் திரும்பப் பெற்றேன். உள்ளதை எழுதுங்கள் என்று பிச்சைமுத்துவிடம் கேட்டேன். மூன்று நட்சத்திரம் போட்டார். ஆம், மூன்றுதான்! "வேலை சுத்தம். கடைய கண்டுபுடிக்கறது ரொம்ப கஷ்டம்" என்று எழுதினார்.

சிரிக்கிறீர்கள். நானும் முகம் சுளித்தேன். ஆனால் அடுத்த வாரமே சங்கராபுரத்திலிருந்து ஓர் அம்மா அழைத்தார். "கண்டுபுடிக்கறது கஷ்டம், வேலை சுத்தம்னு போட்டுக்கீதே, அந்தக் கடைங்களா? எப்டி வரணும்?" என்றார். அன்று தொடங்கிய அழைப்பு இன்னும் நிற்கவில்லை. குறை சொன்னவன் வார்த்தையை ஊர் நம்பியது. உங்கள் 'சூப்பரை' யார் நம்பினார்கள்? எந்த வயல் நனைந்தது?

பொறுங்கள். என் கைப்பேசி சிணுங்குகிறது. 'ஆகாஷ் ஜவுளி. ஐந்து நட்சத்திரம். அக்கா சூப்பர்.' அட, ஆகாஷ் தம்பி! மூன்றாம் வரிசையில் உட்கார்ந்துகொண்டு என் கண்ணெதிரேயா? உன் எந்த மோட்டாருக்கு நான் காயில் கட்டினேன்? அழி! இப்போதே அழி! நான் இங்கேயே நிற்கிறேன். பிரியாணி ஆறினாலும் பரவாயில்லை.

அழித்துவிட்டாயா? பக்கத்திலிருப்பவர் பார்த்துச் சொல்லுங்கள். நல்லது.

தலைவர் அவர்களே, அந்தப் பொன்னாடையை மடித்து வையுங்கள். பிச்சைமுத்து போட்ட மூன்று நட்சத்திரம் எனக்குப் போதும். என்மீது அன்புள்ளவர்கள் வயிறாரச் சாப்பிடுங்கள், வாய்நிறையத் திட்டுங்கள், கை கழுவிவிட்டு வீட்டுக்குப் போங்கள். என் கடை இருக்கும் திசையில் மட்டும் கைப்பேசியை எடுக்காதீர்கள்! பசியோடு இவ்வளவு நேரம் பொறுத்ததற்கு நன்றி. மோட்டார் கருகினால் வாருங்கள், வணக்கம்!