பாதியில் வைத்த அழைப்பு

வெளிநாட்டு அழைப்பு நிலையத்தின் விளக்கே, கண்ணாடிக் கூண்டுகளின் காவலரே, எங்கள் மேற்பார்வையாளர் ஐயா அவர்களே! இன்று பணி நிறைவு பெறும் தங்களுக்கு, உடன் உழைத்தோர் உள்ளம் கனிந்து வாசித்தளிக்கும் மடல் இது. கேட்க நம் நிலையத்தார் தவிர இங்கே வேறு எவருமில்லை.

எண்களை ஏட்டில் தேடாமல் எண்ணத்தில் ஏந்திய ஏந்தலே! நாடுகளின் குறியீடெல்லாம் தங்களுக்குத் தலைகீழ்ப் பாடம். முதலில் இரட்டைப் பூஜ்யம், அடுத்து நாட்டுக் குறியீடு, பின்னே ஊர்க் குறியீடு, கடைசியில் வீட்டு எண் என்று வந்தவர்க்கெல்லாம் வாய் வலிக்கச் சொல்லிக் கொடுத்தீர்கள். “ஊர்க் குறியீட்டுக்கு முன்னாடி நிக்கிற ஜீரோவைத் தூக்குங்க, அது அந்த நாட்டுக்குள்ள பேசறவங்களுக்கு!” என்று தாங்கள் கூவாத நாளில்லை. ‘ஜீரோ சார்’ என்று பட்டப்பெயர் வைத்த பாவிகள் நாங்களே, இன்றாவது பொறுத்தருள்க! பூஜ்யத்தை நீக்கக் கூடாத நாடும் ஒன்றிரண்டு உண்டென்று எங்களை மடக்கி மகிழ்ந்ததை நாங்களும் பொறுத்தோம்.

அந்தத் தையற்கார அம்மாவை மறப்போமா! மகன் கொடுத்த எண்ணைப் பூஜ்யத்தோடு அழுத்தி அழுத்தி, ஒவ்வொரு முறையும் இயந்திரக் குரலையே கேட்டு, “என் புள்ளை என்னை வேணாம்னு ஒதுக்கிட்டான் சார்” என்று கூண்டுக்குள் உடைந்து அழுதார். தாங்கள் அந்தப் பூஜ்யத்தை விட்டு அழுத்தினீர்கள். மறுமுனையில் “அம்மா” என்றான் பிள்ளை. கதவைச் சாத்திவிட்டு வந்த தாங்கள் அந்தக் கூண்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டீர்கள்.

ஏனென்று எங்களுக்குத் தெரியும் ஐயா. மனத்துக்குப் பிடித்தவரை மணந்து கடல் கடந்த ஒரே மகளைத் தாங்கள் முகங்கொடுத்து வழியனுப்பவில்லை. தங்கள் மனைவியார் மறைந்தபின் வீட்டில் பேச்சுத் துணைக்கும் ஆளில்லை. கூட்டம் கலைந்த மாலைகளில் தாங்கள் கூண்டுக்குள் நுழைந்து, இரட்டைப் பூஜ்யம், மகள் வாழும் நாட்டின் குறியீடு, ஊரின் குறியீடு வரை அழுத்தி, அதற்கு மேல் விரல் போகாமல் ரிசீவரை வைத்துவிடுவீர்கள். “லைன் டெஸ்ட் பண்ணேன்பா” என்பீர்கள். “சரி சார்” என்று நாங்களும் தலையாட்டினோம். ஊரையெல்லாம் பேச வைத்தவர் தம் பிள்ளையிடம் பேச முடியாமல் நின்றதைக் கண்ணாடி வழியே கண்டோம். கேட்டால் தாங்கள் கூனிக் குறுகுவீர்களோ என்று அஞ்சிக் கேளாதிருந்தோம்.

நாளை முதல் டெஸ்ட் செய்யவும் தங்களுக்கு ஒரு லைன் இல்லை. அந்த நினைப்பைத் தாங்க முடியாமல் அதிகப்பிரசங்கித்தனம் ஒன்று செய்துவிட்டோம். தங்கள் தங்கையாரிடம் எண்ணைப் பெற்று, நேற்று மகளாரை அழைத்தோம். தாங்கள் பணி நிறைவு பெறுவதைச் சொன்னோம். “நானா கூப்பிட மாட்டேன். அவரும் என்னை மாதிரிதான், வீம்பு. ஆனா மூணு வீடு மாறிட்டேன், இந்த நம்பரை மட்டும் மாத்தலை. அப்பாகிட்ட இருக்கிறது இது ஒண்ணுதானே” என்றார். வைத்துவிட்டார்.

ஐயா! நடை தளராமல், நலம் குன்றாமல் நெடுநாள் வாழ்க! தங்கள் குரல் கேட்க ஒருவர் இருக்க வாழ்க! இம்மடல் முடிந்ததும் நாங்கள் அனைவரும் வெளியே போய்விடுவோம். இந்த ஓர் அழைப்பை மட்டும் தங்களுக்காக நாங்கள் போட்டுத் தர முடியாது. அங்கே இப்போது காலை; மகளார் எழுந்திருப்பார்.

என்றும் தங்கள் அன்புக்குரிய
அழைப்பு நிலையப் பணியாளர்கள்