டொக்டொக் மாமா

வீடு சோதிக்கப் போகிறவனுக்கு முதலில் வேண்டியது, கழற்றி மாட்டச் சுலபமான செருப்பு. வாசலில் கழற்ற வேண்டும், மொட்டை மாடிக்கு மாட்ட வேண்டும், இறங்கி வந்தால் மறுபடி கழற்ற வேண்டும். முதல் வீட்டுக்கு நான் ஷூ போட்டுக்கொண்டு போய்ப் பட்ட பாடு போதும். குனிந்து லேஸை அவிழ்த்துக்கொண்டிருப்பவனை யாரும் நிபுணன் என்று மதிப்பதில்லை.

ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள் ஐயா, அதனால்தான் செருப்பிலிருந்து தொடங்கினேன். நாற்காலி போட்டு, தண்ணீர் கொடுத்து, குறுக்கே பேசாமல் கேட்கிறீர்கள். என்னிடம் இப்படி ஒருவர் கேட்டு நாளாகிறது.

நான் டைல்ஸ் கடையில் விற்பனையாளனாக இருந்தேன். கடையை மூடிவிட்டார்கள். அப்போதுதான் அந்தப் பயிற்சி விளம்பரம் கண்ணில் பட்டது. வீடு வாங்குகிறவர்கள் கையெழுத்துப் போடும் முன் ஓர் ஆளை அழைத்துவந்து சுவர், குழாய், கூரை எல்லாவற்றையும் பார்க்கச் சொல்வார்கள். அந்த ஆளாக நம்மை ஆக்குவார்களாம். நடத்தியது அகில உலக இல்லப் பரிசோதகர் பேரவை. அகில உலகமும் ஒரு பேக்கரிக்கு மேல் ஒரே அறையில் அடங்கியிருந்தது. கூரைக் கசிவைப் பற்றிப் பாடம் எடுத்த தலைவர், தம் தலைக்கு மேலே சொட்டிய தண்ணீருக்கு ஒரு வாளி வைத்திருந்தார். வாளி நிரம்பினால் வகுப்பு முடிந்தது.

அவர் சொன்னதில் ஒன்று மட்டும் உருப்படியானது. அறிக்கையில் குறையே இல்லாவிட்டால், வீடு வாங்குகிறவர் நம்மைத்தான் குறை சொல்வார். ஆகவே எந்த வீட்டிலும் எதையாவது எழுது.

தேர்வில் நான்தான் முதல். சிங்கமும் பூகோளமும் போட்ட சான்றிதழ் கிடைத்தது. நீலச் சட்டை ஒன்று தைத்து, பைக்கு மேலே 'இல்லப் பரிசோதகர்' என்று நூலில் எழுதவைத்தேன். அதைப் போட்டுக்கொண்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா வீட்டுக்காரர் செய்தித்தாளை இறக்காமலே பேசினார்.

"நீ இருக்கிறதே வாடகை ரூம். நீ ஊரான் வீட்டுக்கு மார்க் போடப் போறியா?"

"சும்மா இருங்க, பாவம்" என்றாள் அக்கா. சாப்பிட்டுவிட்டுப் போ என்று சொல்லவில்லை.

என் அறை ஒரு டயர் கடைக்கு மேலே. என் கதவைத் தட்டுவது காற்று மட்டும்தான். அதுவும் தாழ்ப்பாள் சரியில்லாததால்.

தொழில் பிடித்துப்போனது. அதை மறைக்க மாட்டேன். டார்ச்சும் ஈரம் பார்க்கும் மீட்டரும் ரப்பர் சுத்தியும் எடுத்துக்கொண்டு நான் உள்ளே நுழைந்தால், வீடே என் பின்னால் வரும். நான் ஒரு சுவரைத் தட்டி "ம்ம்" என்றால் வாங்குகிறவர் முகம் வெளுக்கும், விற்கிறவர் முகம் சிவக்கும், புரோக்கர் தண்ணீர் குடிக்கப் போவார். தங்க முலாம் குழாய் வைத்தவரும் என் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்பார். படுக்கையறை அலமாரி வரை திறந்து காட்டுவார்கள். பிறகு அறிக்கையைக் கொடுப்பேன், அவர்கள் கதவைச் சாத்துவார்கள், அவ்வளவுதான். குடிபோகிற நாளில் பெயின்டரைக்கூட நினைவு வைத்துக் கூப்பிடுவார்கள். என்னை யாருக்கும் நினைவிருக்காது.

ஒரு வீட்டில் சமையலறைத் தொட்டிக்குக் கீழே குழாய் இணைப்பைப் பார்க்க மறந்துவிட்டேன். நிஜமாகவே மறதி. குடிபோன பிறகு அந்த வீட்டு அம்மாள் போன் செய்தார். திட்டப் போகிறார் என்று நினைத்துப் போனேன். இணைப்பை இறுக்கிக் கொடுத்தேன். டீ வந்தது, பிஸ்கட் வந்தது. மகன் வெளிநாடு போன கதை வந்தது.

"நல்லவேளை, கூப்பிட்டா வர நீங்க ஒருத்தராவது இருக்கீங்க" என்றார்.

அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு பல நாள் ஓட்டினேன்.

அதன் பிறகு ஒவ்வொரு வீட்டிலும் ஒரு குறையை எழுதாமல் விட்டுவைத்தேன். சின்னதாக. ஆளுக்கு ஆபத்தில்லாததாக. கசியப்போகிற வாஷர், சிக்கப்போகிற தாழ்ப்பாள். அவர்கள் அழைப்பார்கள், நான் போவேன். கூலி வாங்க மாட்டேன். தங்கமான மனிதர் என்பார்கள். குறையே இல்லாத வீடுகளும் உண்டு. அங்கே ஒன்றை உண்டாக்கத்தான் வேண்டியிருந்தது. மரையை ஒரு சுற்று தளர்த்துவது பெரிய வேலை இல்லை.

ஒரு கணக்காளர் வீடு அப்படிப்பட்டது. அவர், அவர் மனைவி, பள்ளிக்கூடம் போகத் தொடங்கியிருந்த ஒரு பெண் குழந்தை. நல்ல கட்டுமானம். குறை தேடிக் களைத்துப்போய், குளியலறை வென்டிலேட்டரில் இடைவெளி இருக்கிறது, மழைச்சாரல் அடிக்கும், அடைப்பது நல்லது என்று எழுதினேன். பேரவை வழக்கப்படி எதையாவது எழுத வேண்டுமே. காற்றுக்காக விட்ட இடைவெளி அது என்பது எனக்குத் தெரியும்.

அந்தக் குழந்தை முதல் நாளிலிருந்தே என் பின்னால் வந்தது. டைல்ஸைத் தட்டிக் காது வைத்துக் கேட்கச் சொல்லிக் கொடுத்தேன். கெட்டியான சத்தம் வந்தால் அடியில் சிமென்ட் இருக்கிறது, தொம்மென்று வந்தால் காலி. அவள் எனக்கு டொக்டொக் மாமா என்று பெயர் வைத்தாள். அவள் அம்மா என்னை அண்ணா என்றாள். அண்ணா என்று புரோக்கரையும்தான் கூப்பிட்டாள், பால்காரரையும்தான். ஆனால் என்னைக் கூப்பிட்டபோது வேறு மாதிரி இருந்தது.

அந்த வீட்டுக்கு நான் அடிக்கடி போனேன். சுவிட்சு, ஜன்னல் கொக்கி, குளியலறைத் தாழ்ப்பாள். சாப்பிடச் சொன்னார்கள். குழந்தை தன் தட்டை என் பக்கம் நகர்த்தி வைத்துக்கொண்டது. கடைசியாக ஒரு குழாய் சொட்டுகிறது என்று அழைத்தார்கள். போனபோது கணக்காளர் புதிதாக வாங்கிய கருவிப்பெட்டியைத் திறந்து காட்டினார். ஸ்பானர்கள் உயரப்படி நின்றன.

"இனிமே உங்களைத் தொந்தரவே பண்ண மாட்டேன் சார். வீடியோ பாத்து நானே கத்துக்கிட்டேன். இங்க வாங்க, நீங்க எழுதின வென்டிலேட்டரை நானே அடைச்சுட்டேன்."

"பெரிய இன்ஜினியர்" என்றாள் மனைவி. "ரெண்டு நாளா வீடு முழுக்கப் பசை. தோசைக் கரண்டியில கூட."

"நீ சும்மா இரு. சார் சொல்லட்டும்."

தொட்டுப் பார்த்தேன். சிலிக்கான் பிசிரில்லாமல் ஓடியிருந்தது. கண்ணாடி இறுக்கமாக நின்றது. நன்றாகச் செய்திருக்கிறீர்கள் என்று பாராட்டினேன். அவர் டீ சொல்லப் போனார். அவர் போன பிறகுதான் அதே குளியலறையில் வெந்நீருக்கு மாட்டியிருந்த கேஸ் கீசரின் புகைக்குழாயை வளையத்திலிருந்து உருவி, கீசருக்குப் பின்புறமாக, பார்வைக்குத் தெரியாமல் சாய்த்துவைத்தேன். வரிசையாகச் சொல்லச் சொன்னீர்கள். வரிசை இதுதான்.

என் எண்ணம் எளிமையானது. சுவரில் கரி படியும். கேஸ் என்றால் எந்தப் புது இன்ஜினியரும் கை வைக்கப் பயப்படுவார். என்னை அழைப்பார்கள். அந்தப் புகையில் இருக்கும் விஷவாயுவுக்கு வாசனை உண்டா என்று தேர்வில் ஒரு கேள்வி வந்தது. இல்லை என்று எழுதினேன். முழு மதிப்பெண்.

மறுநாள் சாயங்காலமே போன் வந்தது.

"அண்ணா, இவர் குளிக்கப் போய் ரொம்ப நேரமாச்சு. தண்ணி ஓடுது, கூப்பிட்டா பேச மாட்டேங்குறார். தாழ்ப்பாள் மறுபடி சிக்கிடுச்சா? பக்கத்து வீட்டுக்காரர் கதவை உடைச்சிடலாங்கறார்."

"உடைக்க வேண்டாம்மா. நல்ல கதவு, சட்டத்தோட போயிடும். நான் வந்து திறக்கிறேன். பதறாதீங்க."

"சீக்கிரம் வாங்கண்ணா."

சட்டை கசங்கியிருந்தது. அக்கம்பக்கத்தார் எல்லாம் கூடியிருப்பார்கள். இஸ்திரிப் பெட்டி சூடாகும்வரை காத்திருந்து, காலரையும் பையையும் தேய்த்துப் போட்டுக்கொண்டு கிளம்பினேன்.

போய் வாசலில் செருப்பைக் கழற்றினேன். "டொக்டொக் மாமா வந்துட்டாரு" என்று குழந்தை கத்தியதும் எல்லோரும் வழிவிட்டார்கள். அவள் குளியலறைக் கதவில் காதை வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"நான் தட்டிப் பாத்துட்டேன் மாமா. அப்பா பதில் தட்டவே இல்ல."

தாழ்ப்பாளை வெளியிலிருந்து திருகித் திறந்தேன். கதவுக்கு ஒரு கீறல்கூட விழவில்லை. உள்ளே பார்த்ததை நீங்கள் போலீஸ் எடுத்த படத்தில் பார்த்திருக்கிறீர்கள். கொஞ்சம் முன்னால் திறந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னாராம். டாக்டர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

யாரும் என்னைச் சந்தேகப்படவில்லை. நானாகத்தான் வந்தேன். புகைக்குழாய் தானாகக் கழன்றது என்று உங்கள் ஆள் எழுதியிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்த ரகக் குழாய் தானாகக் கழலாது ஐயா. கையால் திருகி உருவ வேண்டும். நான் திருகினேன், உருவினேன், வென்டிலேட்டர் அடைத்திருப்பதைப் பார்த்த பிறகு உருவினேன். தொழில் தெரிந்தவன் சொல்லாவிட்டால் தப்பும் தவறுமாகவே பதிவாகிவிடும்.

இனி அந்த வீட்டில் ஒரு குழாய் சொட்டினாலும் பார்க்க ஆளில்லை. அதைத்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். குழந்தையின் அம்மாவிடம் என் நம்பர் இருக்கிறது. போனை நீங்கள் வாங்கி வைத்திருக்கிறீர்கள், மணி அடித்தால் தயவுசெய்து சொல்லுங்கள்.

இன்னும் ஒன்றை மட்டும் எழுதிக்கொள்ளுங்கள். ஆம்புலன்ஸுக்குச் சொன்னது பக்கத்து வீட்டுக்காரர், அதுவும் பிறகுதான். அவள் முதலில் கூப்பிட்டது என்னை.